குறுக்கு, முறுக்கு, குறுக்கு

சனிக்கிழமை மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முன்னறை ஜன்னலோரம் தலையணையோடு நான் உட்காரும்போது மணி இரண்டரை. தலையணை என்றால் தூங்குகிற தலையணை இல்லை, லேஸ் பின்னுகிற தலையணை. வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே நீலத்துணி உறை போட்ட உருளை. அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டை, அட்டையில் வரிசையாகக் குண்டூசிகள், ஊசிகளிலிருந்து இறங்கி வரும் நூல்கள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டைதான் பாபின். தையல் மிஷினில் போடும் பாபின் சின்ன சக்கரம் மாதிரி இருக்கும். இது பென்சில் துண்டு மாதிரி, கழுத்தில் நூல் சுற்றியிருக்கும்.

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பெடுக்க வாங்கிய போன் ஸ்டாண்டை எடுத்து, கேமரா என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைப்பேன். நான் கணக்கு டீச்சர், நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். அந்த ஸ்டாண்டில் அப்போது கரும்பலகைக்குப் பதிலாக நோட்டுப் புத்தகம் காட்டினேன். இப்போது லேஸ் காட்டுகிறேன். போனில் வீடியோ கூட்டத்தைத் திறந்தால் அங்கே பல ஊர்களில் லேஸ் பின்னுகிறவர்களின் ஏழெட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள். முகங்கள் ரொம்பக் குறைவு. இத்தனை வருடம் பழகியும் அடிலெய்டில் இருப்பவரின் முகம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. அவர் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஆட்களை ஊர்ப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். வள்ளியூர் சித்தி, திசையன்விளை அத்தை, பணகுடி பெரியம்மா. அதே பழக்கத்தில் இவர்களையும் எனக்குள் அப்படியே வைத்திருக்கிறேன். பெட்ஃபோர்ட் ஆச்சி, இட்ரியா அக்கா, நெதர்லாந்து மதினி, அடிலெய்ட் அக்கா, சியாரா சித்தி, காலித் தங்கச்சி. பெட்ஃபோர்ட் ஆச்சி இருக்கிற இங்கிலாந்தில் காலை ஒன்பது மணி, அதை வைத்துத்தான் எல்லாருக்கும் நேரம். குளிர்காலத்தில் எனக்கு மதியம் இரண்டரை, இலங்கையின் காலியில் இருக்கிற தங்கச்சிக்கும் அதே இரண்டரை. அடிலெய்டில் இரவு ஏழரை ஆகிவிடும். பிரேசிலின் சியாராவில் காலை ஆறு. அந்தச் சித்தி கடலோரத்து மீனவக் குடும்பம், ஆறு மணிக்கு அவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். அவர் கட்டத்தில் முதலில் தெரிவது காப்பிக் கோப்பை, அப்புறம்தான் கை.

முதல் சில வாரங்கள் எனக்கு ஏதோ குறைந்தது. பேசுவது எல்லாம் தெளிவாகக் கேட்டது. கைகள் ஓடுவதும் தெரிந்தது. ஆனால் சத்தமே இல்லை. பாபின்கள் ஒன்றோடொன்று உரசும்போது ஒரு சத்தம் வரும், சோழி குலுக்குவதுபோல. சின்ன வயதில் மதியத் தூக்கத்தில் எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தம் அது. பேச்சுக்குச் சம்பந்தமில்லாத இரைச்சலை எல்லாம் வடிகட்டிவிட அந்தச் செயலிக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். மின்விசிறிச் சத்தம், நாய் குரைப்பது, தட்டு முட்டுச் சத்தம் எல்லாம் போய்விடும். அதோடு பாபின் சத்தமும் போய்விட்டது. நெதர்லாந்து மதினிதான் ஒரு நாள் கண்டுபிடித்துச் சொன்னார்: வீட்டில் வாத்தியம் வாசிப்பவர்களுக்காக, சத்தத்தை உள்ளபடியே அனுப்பும் ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று. ஒவ்வொருவராகப் போட்டோம்.

அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். ஒரே நேரத்தில் ஆறேழு ஊர்களின் சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெட்ஃபோர்ட் ஆச்சியின் பாபின்களுக்கு அடியில் கண்ணாடி மணிகள் கோத்த கம்பி வளையம் தொங்கும். அது பாபினுக்கு எடை கொடுக்கும், உருளாமலும் பிடித்துக்கொள்ளும். அவர் கட்டத்திலிருந்து கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி வந்தது. சியாரா சித்தியின் பாபின்களின் நுனியில் ஒருவகைப் பனையின் காய் உருண்டையாகச் செருகியிருக்கும். அது கொட்டாங்கச்சி தட்டுவதுபோல் கனமாகக் கேட்டது. இட்ரியா அக்காவுடையது வெறும் மரம், நிதானமான, ஒரே சீரான சத்தம். நான் பாபினைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரும்கூட ரொம்ப நேரம் பேசவில்லை.

எனக்கு இந்தக் கலை எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். என் சொந்த ஆச்சி இடையன்குடிக்காரி. இடையன்குடி என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கால்டுவெல் ஞாபகம் வரும், 1856-ல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் ஞாபகம் வரும். அந்த ஊருக்கு லேஸ் வந்தது அவர் மனைவி எலிசா மூலமாக. எலிசா நாகர்கோவிலில் பிறந்தவர், தமிழ் பேசி வளர்ந்தவர். அவருடைய அம்மா மார்த்தா மால்ட், கணவர் சார்லஸ் மால்ட்டோடு 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். படிப்போடு சேர்த்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். 1844-ல் எலிசாவுக்கும் கால்டுவெல்லுக்கும் கல்யாணம் ஆனபோது, அம்மாவிடம் கற்றது மகளோடு சேர்ந்து தேரிக்காட்டுக்கும் போனது. செம்மண்ணும் பனையும் தவிர அதிகம் இல்லாத ஊரில் பெண்கள் தலையணை மடியில் வைத்து லேஸ் பின்னத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் சீமைப் பெண்களின் கழுத்துப் பட்டிக்கும் கைநுனிக்கும் லேஸ் பின்னிக்கொண்டிருந்த அதே காலம்தான் தோள்சீலைப் போராட்டத்தின் காலமும். தங்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே அவர்கள் அடிபட வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசு 1859-ல்தான் நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று அறிவித்தது. எவ்வளவு அழகான லேஸைப் பார்த்தாலும் எனக்கு இந்த வருடக் கணக்கு கூடவே வந்து நிற்கும். நிற்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆச்சி கூலிக்குப் பின்னினாள். கெஜக் கணக்கில் காசு. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு விடுமுறையில் நான்கு பாபின்களைக் கையில் கொடுத்து, “குறுக்கு, முறுக்கு, குறுக்கு” என்று சொல்லிக்கொண்டே பின்னு என்றாள். இந்தக் கலையில் அசைவுகள் மொத்தமே இரண்டுதான். நடுவில் இருக்கும் இரண்டு நூல்களில் இடதை வலதுக்கு மேலாக எடுத்துப் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதுக்கு மேலாகப் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணி நெய்தது மாதிரி அடர்த்தியாக வரும், அது துணிப் பின்னல். குறுக்கு, முறுக்கோடு விட்டால் வலை மாதிரி வரும், அது அரைப் பின்னல். விசிறி, சிலந்தி, ரோஜா என்று உலகத்தில் இருக்கிற அத்தனை பாபின் லேஸும் இந்த இரண்டின் வரிசை மாற்றம்தான். அந்த விடுமுறையோடு என் பாடம் நின்றுபோனது. பத்தாம் வகுப்பு, டியூஷன், கல்லூரி, வேலை. ஆச்சி இறந்தபோது தலையணையைக் கரையான் அரித்திருந்தது. தகரப் பெட்டி மட்டும் என்னிடம் வந்தது.

திரும்ப உட்கார்ந்தது 2020-ல், ஊரடங்கில். எட்டு வயதில் படித்த குறுக்கு கைக்கு அப்படியே வந்தது. முறுக்கு மறந்துவிட்டது. ஒரு வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பத்து நாள் உட்கார்ந்து ஒரு சாண் பின்னினேன். தலையணைமேல் இருந்தவரை அழகாகத்தான் இருந்தது. ஊசிகளை உருவியதும் அது நிற்கவில்லை. நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளாமல், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இழுத்தால் நழுவின. இரண்டாம் முறையும் அப்படியே. எனக்குக் கை வரவில்லை என்று அழுதே விட்டேன்.

அப்போதுதான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் முதல்முறையாக வந்தேன். படத்தைக் காட்டினேன். இட்ரியா அக்கா, “லேஸைக் காட்டாதே, கையைக் காட்டு” என்றார். காட்டினேன். நான்கே அசைவு பார்த்துவிட்டு, “உன் முறுக்கு தலைகீழ்” என்றார். நான் பார்த்துப் படித்த வீடியோ போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தது. கண்ணாடியில் தெரிவதுபோல இடது வலதாகத் திரும்பிப் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்து நானும் வலதுக்கு மேலே இடதைப் போட்டிருக்கிறேன். குறுக்கும் முறுக்கும் எதிரெதிராக ஓடினால்தான் நூல் நூலைக் கவ்வும். தலைப்பின்னலில் இந்தப் பக்கக் கால் ஒருமுறை, அந்தப் பக்கக் கால் ஒருமுறை என்று நடுவுக்கு வருகிறது இல்லையா, அதனால்தான் அது நிற்கிறது. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும், விட்டதும் பிரியும். ஆச்சியின் குறுக்கு சரி, வீடியோவின் முறுக்கு தப்பு. இரண்டும் தப்பாக இருந்திருந்தால்கூட கண்ணாடி பிம்பமாக ஒரு நல்ல லேஸ் வந்திருக்கும்! பாதி சரியாக இருந்ததுதான் கெடுத்தது.

புத்தகத்தைப் பார்த்து இதை நான் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். முடிந்த லேஸைப் பார்த்தாலும் தெரியாது. கை ஓடும்போது இன்னொரு ஜோடிக் கண் பார்த்தால்தான் தெரியும். ஆச்சிக்கு அந்தக் கண் திண்ணையில் பக்கத்திலேயே இருந்தது, தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தது. எனக்கு அது ஸ்லோவேனியாவில் ஒரு மலையூரில் இருந்து வந்தது.

இட்ரியாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். பாதரசச் சுரங்கத்தால் பேர்பெற்ற ஊர் அது. ஆண்கள் பூமிக்குள் இறங்க, பெண்கள் வீட்டில் லேஸ் பின்னிக் குடும்பம் நடத்தினார்கள். 1876-ல் அங்கே ஒரு லேஸ் பள்ளி தொடங்கினார்கள், அது இன்றும் நடக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் பாபின் லேஸை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அக்கா அந்தப் பள்ளியின் மாணவி. ஆறு வயதில் தொடங்கியவர். அவர் பின்னும்போது கையைப் பார்க்கவே மாட்டார்.

நாங்கள் ஏழெட்டுப் பேர், ஐந்து மொழி. சியாரா சித்திக்குப் போர்த்துகீசியம் மட்டும்தான், மகள் பக்கத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பாள். ஆனால் வேலை நிற்பதில்லை. லேஸ் வரைபடத்துக்கு நிற மொழி ஒன்று இருக்கிறது, பெல்ஜியத்துக்காரர்கள் கொடுத்தது. ஊதாக் கோடு என்றால் துணிப் பின்னல், பச்சை என்றால் அரைப் பின்னல், சிவப்பு என்றால் குறுக்கு முறுக்கு குறுக்கு முறுக்கு என்று முழுசு. யார் வரைந்து அனுப்பினாலும் யாரும் பின்னலாம். நூலுக்கும் அப்படித்தான். இங்கே கடையில் கிடைக்கிற நூலின் பெயரும் நம்பரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. அதனால் ஸ்கேலின்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்வோம். என் நூல் 27 சுற்று. அவ்வளவு போதும், எந்த வடிவத்துக்குப் பொருந்தும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஊசி விஷயத்தில் நானாகவே ஒரு பாடம் படித்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் சாதாரணக் குண்டூசி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து, வெள்ளை லேஸில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். பித்தளை ஊசிதான் வேண்டும். சியாராவில் அந்தக் காலத்தில் ஊசிக்குப் பதில் கள்ளிமுள் குத்துவார்களாம், மண்டக்காரு என்று ஒரு பெரிய கள்ளி. சித்தி ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினார். நான் உடைமுள் எடுத்து வந்து பார்த்தேன், கொஞ்சம் பருமன், ஆனால் துருப்பிடிக்காது.

அவர்களுடைய பேச்சில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் ரால்ஃப் கிரிஸ்வால்ட். நம் ஊர்க் கம்ப்யூட்டர் பிள்ளைகள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். ஸ்நோபால், ஐகான் என்று நிரல்மொழிகளை உருவாக்கிய பேராசிரியர் அவர். ஓய்வுபெற்ற பிறகு நெசவில் ஈடுபாடு வந்து, உரிமைக்காலம் முடிந்த பழைய நெசவு, லேஸ் புத்தகங்களின் ஸ்கேன்களைச் சேர்த்து அரிசோனா பல்கலைக்கழகத்தின் வழியாக எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்தார். 2006-ல் அவர் காலமானார். நாகர்கோவிலில் ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நூறு, நூற்றைம்பது வருடப் பழைய லேஸ் புத்தகத்தை நான் புரட்டுகிறேன் என்றால் அது அவர் புண்ணியம். கணக்கு டீச்சருக்கு இன்னொரு பெயர் முக்கியம், கனடாவின் வெரோனிகா அர்வைன். பாபின் லேஸின் தரைப் பின்னல்களை, அதாவது வடிவங்களுக்கு நடுவே நிரப்புகிற வலைப் பின்னல்களை, கணிதமாக எழுதி, எத்தனை விதமாகப் பின்ன முடியும் என்று கணினியைக் கொண்டு தேடி, 2016-ல் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகவே கொடுத்தவர். யாரும் அதுவரை பின்னியிராத தரைகள் அதிலிருந்து வந்தன. பதினொன்றாம் வகுப்பில் வரிசைமாற்றம் நடத்தும்போது நான் இப்போது நாலு பாபின் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

இனி ஆச்சியின் அட்டை. தகரப் பெட்டியில், பழைய காலண்டர் அட்டையில் ஊசியால் குத்திய ஒரு துண்டு இருந்தது. ஒரு கோடு கிடையாது, எழுத்து கிடையாது, வெறும் துளைகள். எது மேல், எது கீழ் என்றுகூடத் தெரியாது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் துளைகளில் வெளிச்சம் வந்து நட்சத்திரம் மாதிரி தெரியும். அப்படியே போட்டோ எடுத்துக் காட்டினேன்.

நெதர்லாந்து மதினி அதைப் பெரிதாக அச்செடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தார். துளைகள் எல்லாம் சரியாக 45 பாகையில் சாய்ந்து ஓடுகின்றன, அப்படியென்றால் டோர்ஷன் என்கிற லேஸ் வகை என்றார். ஓரத்தில் விசிறி வருகிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடுவில் சாய்சதுரங்கள். அவற்றுக்குள் துணிப் பின்னலா, அரைப் பின்னலா, சிலந்தியா? சுற்றுத் துளைகள் மூன்றுக்கும் ஒன்றேபோல் இருக்கும். நான் அட்டையை மறுபடி வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒவ்வொரு சாய்சதுரத்தின் நட்டநடுவிலும் அடைபட்டுப்போன ஒரு துளை இருந்தது. அழுக்கும் நூல்தூசும் சேர்ந்து மூடியிருந்தது. ஊசி முனையால் தொட்டதும் திறந்தது. சிலந்திக்கு மட்டும்தான் நடுவில் ஊசி வேண்டும், அதன் உடம்பை அந்த ஊசிதான் தாங்கும். “சிலந்தி! சிலந்தி!” என்று சியாரா சித்தி கத்தியது மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

அப்புறம் எத்தனை ஜோடி என்ற கேள்வி. எனக்குப் பிடித்த வேலை இது. மதினி 17 என்றார். இட்ரியா அக்கா 18 என்றார். நேர்கரையில், அதாவது துணியோடு சேர்த்துத் தைக்கிற ஓரத்தில், எத்தனை ஜோடி இறங்கும் என்பதில்தான் வேறுபாடு. இரண்டுமே நியாயம், ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. வாக்குவாதம் அரைமணி நேரம் போனது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்து எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். அவிழ்க்க மனமில்லாமல் வைத்திருந்த ஒரு மூட்டை. ஆச்சியின் சுங்கடிச் சேலையிலிருந்து கிழித்த துணியில் கட்டியது. கேமராவுக்கு முன்னால் அவிழ்த்து, நூல் மிச்சத்தோடு இருந்த பாபின்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன். எல்லாரும் அவரவர் மொழியில் கூட எண்ணினார்கள். 36. பதினெட்டு ஜோடி.

கடைசியில் நேர்கரை எந்தப் பக்கம்? ஐரோப்பியக் கண்டத்தில் அதை இடப்பக்கம் வைத்துப் பின்னுவார்கள், இங்கிலாந்தில் வலப்பக்கம். அட்டையை எப்படி வைத்தாலும் லேஸ் வரும், ஆனால் ஆச்சி எப்படி வைத்தாள்? பெட்ஃபோர்ட் ஆச்சி என்னைக் கேட்டார், “நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய்?” கண்ணை மூடி யோசித்தேன். ஆச்சி வாசலைப் பார்த்து உட்காருவாள். வலதுபக்கத் தூணோரம் என் இடம், ஏனென்றால் இடதுபக்கம் தண்ணீர்ப் பானை. நேரான ஓரம் என் பக்கம். விசிறிகள் பானைப் பக்கம். வலப்பக்கம், இங்கிலாந்து வழக்கம். “அப்படியானால் நம் இரண்டு பேருக்கும் ஒரே கை” என்றார் பெட்ஃபோர்ட் ஆச்சி. ஒரே ஒரு பாட்டியின் பழக்கத்தை வைத்து வரலாறு எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் மார்த்தா மால்ட் தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்கரையை எந்தப் பக்கம் வைக்கச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகம் இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேல், அந்தத் திண்ணை வரை, ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு மாறி வந்திருக்கிறது.

காலித் தங்கச்சியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் ஊரில் இதற்கு பீரளு என்று பெயர், போர்த்துகீசியரின் ‘பில்ரோ’விலிருந்து வந்தது, அதாவது பாபின். அவளும் சியாரா சித்தியும் அந்தச் சொல்லை மாறி மாறிச் சொல்லிச் சந்தோஷப்பட்டதைப் பார்க்க வேண்டும். போர்த்துகலில் ஒரு பழமொழி உண்டாம், வலை இருக்கிற இடத்தில் லேஸ் இருக்கும் என்று. காலிக்கும் அது பொருந்தும், சியாராவுக்கும் பொருந்தும். ஆனால் எங்களுக்குள் அவள் ஒருத்திதான் பின்னி விற்றுச் சாப்பிடுகிறவள். எங்களுக்கு இது ஆசைக்குச் செய்வது, அவளுக்கு வாரச் செலவு. ஆரம்பத்தில் யாரோ ஒருவர் அவளிடம் வடிவம் ஒன்றைச் சும்மா அனுப்பச் சொன்னபோது அவள் அமைதியாகிவிட்டாள். எனக்கு ஆச்சியின் கெஜக் கணக்கு ஞாபகம் வந்தது. நான் பேசினேன். அன்றிலிருந்து அவளுடைய வடிவங்களுக்கு எல்லாரும் காசு அனுப்பிவிட்டுத்தான் வாங்குகிறோம். அவள் கை வேகம் எங்கள் யாருக்கும் கிடையாது. நான் ஒரு விசிறி முடிப்பதற்குள் அவள் நாலு முடிப்பாள், நடுவில் பிள்ளைக்குச் சோறும் ஊட்டுவாள்.

பெட்ஃபோர்ட் ஆச்சிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன வருடத்திலிருந்து பார்வையின் நடுவில் இருட்டு. ஓரத்தில் கொஞ்சம் தெரியும், ஊசி தெரியாது. பின்னுவதை விட்டுவிட்டார். ஆனாலும் ஒன்பது மணிக்கு அவர் கட்டம் திறக்கும். கைகளுக்குப் பதில் இப்போது மடியில் ஒரு பூனை. சத்தத்தைக் கேட்க வருகிறேன் என்பார். கேட்டே சொல்லிவிடுவார், இன்னார் துணிப் பின்னல் போடுகிறார், இன்னார் தரை போடுகிறார் என்று. துணிப் பின்னலில் ஒரு ஜோடி மற்ற எல்லா ஜோடிகளையும் கடந்து வரிசை முழுக்கப் போகும், சத்தம் நிற்காமல் ஓடும். தரையில் ஒவ்வொரு துளைக்கும் ஊசி குத்த நிற்க வேண்டும், சத்தம் விட்டு விட்டு வரும். தன்னுடைய பாபின் ஒன்றைப் போன மார்கழியில் எனக்கு அனுப்பினார். எலும்பில் கடைந்தது, அடியில் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி மணிகள். நம் ஊரில் கடைசல் வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவரிடம் ஆச்சியின் பாபின் ஒன்றைக் கொடுத்து, அதே அளவில் தேக்கில் நாலு கடைந்து வாங்கி அனுப்பினேன். பார்க்க முடியாவிட்டாலும் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, “இதன் கழுத்து எங்களுடையதைவிடக் குட்டை” என்றார்.

ஆச்சியின் அட்டையைப் புது அட்டையில் குத்தியெடுத்து, 36 பாபினிலும் நூல் சுற்றி நான் தொடங்கிய சனிக்கிழமை, பெட்ஃபோர்ட் ஆச்சி எல்லாரையும் மைக்கை அணைக்கச் சொன்னார். என்னுடையது மட்டும் திறந்திருந்தது. விசிறி போனது, தரை வந்தது, விட்டு விட்டு. அப்புறம் சிலந்தி. இடமிருந்து மூன்று ஜோடி, வலமிருந்து மூன்று ஜோடி, ஒவ்வொன்றையும் முறுக்கிக் கால் ஆக்கி, ஒன்றுக்குள் ஒன்று துணிப் பின்னலாகக் கடத்திக்கொண்டு நடுவுக்கு வந்தேன். சத்தம் வேகமாக ஓடி, நின்றது.

“ஊசி வைத்தாயா?” என்றார்.

“வைத்துவிட்டேன்.”

“சரி, மிச்சத்தையும் போடு.”

இதுவரை ஒன்பது சிலந்தி முடிந்திருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஒன்றரை மணிக்கே தொடங்கிவிடும், சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னாலேயே முடிக்க வேண்டும்.